சகலை மேல் ஒரு புகார்

இந்தக் காலத்தில் ஒரு பொருள் காணாமல் போனால் யாரும் தேடுவதில்லை. எடுத்தவன் பெயரை முதலில் சொல்லிவிடுகிறார்கள். பிறகு போனை எடுத்து நாலு பேருக்குச் சொல்கிறார்கள். பிறகு புகார் எழுதுகிறார்கள். கட்டிலுக்கடியில் குனிந்து பார்ப்பது கடைசி வேலை. அதற்குள் அலுத்துப்போய் அதையும் விட்டுவிடுகிறார்கள். முன்பெல்லாம் மனிதர்கள் யோக்கியமாக இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. முன்பும் அயோக்கியர்கள்தான். ஆனால் குனிந்து பார்க்கிற அளவுக்காவது வெட்கம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு இருபதுக்குப் பெரிய மாப்பிள்ளை போன் செய்தபோது ரசமட்டம் இதைத்தான் நினைத்தார்.

"மாமா, என் நோட்டு திருடு போயிடுச்சு. எடுத்தது உங்க சின்ன மாப்பிள்ளை."

"எப்ப போச்சு?"

"அது சரியாத் தெரியல."

"எடுத்த ஆள் மட்டும் தெரியுதாக்கும். வர்றேன்."

ரசமட்டம் என்பது அவரைப் பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. நாற்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர். எந்தத் தளத்தையும் கண்ணால் பார்த்து "சமமா இருக்கு" என்று ஒப்புக்கொண்டதே கிடையாது. ரசமட்டத்தை வைத்து, உள்ளே இருக்கிற குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பேசுவார். சம்பந்தம் பேசப் போன வீட்டில் மேஜை மேலேயும் அதை வைத்துப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. அவர் அதை மறுத்ததில்லை. படிப்பு மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் ஒரு எண்ணைக் காதில் போட்டுவிட்டால் போதும், அதை அவரிடம் மாற்றிச் சொல்லித் தப்ப முடியாது.

அவருக்கு இரண்டு மகள்கள். இரண்டு மாப்பிள்ளைகளும் டைல்ஸ் ஒட்டும் கான்ட்ராக்டர்கள். ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே மாமனார். சகலைகள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டால் யார் இலையில் எது கூடுதலாக விழுந்தது என்று பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்கள்.

காலை 8.55.

பெரிய மாப்பிள்ளை வீட்டு முன்னறைதான் அவருடைய ஆபீஸ். சுவரோரம் மாதிரி டைல்ஸ் அடுக்கி வைத்திருந்தது. நடுவில் மர மேஜை. அதன் டிராயர் திறந்து கிடந்தது. டிராயரின் மேல் விளிம்பில் உளி பதிந்த தடம் மூன்று இடத்தில் பிசிறு பிசிறாகத் தெரிந்தது.

"பார்த்தீங்களா மாமா! நெம்பி எடுத்திருக்கான்."

"என்ன நோட்டு?"

"எட்டு வருஷமா நான் வச்சிருக்கிற நோட்டு. அதுதான் என் சோறு."

ரசமட்டத்துக்கு அது தெரியும். வீடு கட்டினாலும், இடித்தாலும், மாடி எடுத்தாலும் அனுமதி வாங்கவேண்டும். வழங்கிய அனுமதியெல்லாம் கட்டிட அனுமதி ஆபீஸில் ஒரு பெரிய பதிவேட்டில் ஏறும். திங்கட்கிழமைதோறும் புதுப் பக்கங்கள் சேரும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போட்டோ எடுக்கக் கூடாது, கையால் எழுதிக்கொள்ளலாம். யார் வீடு, எந்தத் தெரு, எத்தனை சதுர அடி, எத்தனை குளியலறை, எல்லாம் அதில் இருக்கும். மற்ற கான்ட்ராக்டர்கள் வேலை வேண்டுமென்று கடைகடையாக விசிட்டிங் கார்டு கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், பெரிய மாப்பிள்ளை அந்த ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து பதிவேட்டைப் பார்த்து எழுதி, நேராக அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். இந்த யோசனை வேறு யாருக்கும் தோன்றவில்லை என்பதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

"இந்தத் திங்கட்கிழமை மத்தியானம் போய் மூணு புது வீடு எழுதிட்டு வந்தேன். நோட்டை டிராயர்ல வச்சுப் பூட்டினேன். அப்புறம் ஊர்க்கோடியில வேலை, இந்த மேஜை பக்கமே வரல. புதன்கிழமை அந்த மூணு வீட்டுக் கதவையும் அவன் தட்டியிருக்கான். மூலை வீட்டு வேலையை வாங்கியே விட்டான். இன்னிக்குக் காலையில வந்து பார்க்கிறேன், டிராயர் இப்படி."

"அவரும் பதிவேட்டைப் பார்த்து எழுதியிருக்கலாமே?"

"அவனா? அவனுக்குப் பதிவேடு எந்தப் பக்கம் திறக்கும்னே தெரியாது. என் கையைப் பிடிச்சுத் தொழில் கத்துக்கிட்டவன் மாமா அவன். இன்னிக்கு வண்டி என்ன, கூலிங்கிளாஸ் என்ன!"

மேஜை மேல் புகார் தயாராக இருந்தது. இரண்டு பக்கம், கையெழுத்தோடு. மாலை நாலு மணிக்கு ஸ்டேஷனில் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

ரசமட்டம் மனதுக்குள் நாளை எண்ணினார். வரும் திங்கட்கிழமை சின்ன மாப்பிள்ளையின் கான்ட்ராக்டர் பதிவைப் புதுப்பிக்கிற நாள். பேரில் திருட்டுப் புகார் இருந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். ஒரு வருடம் சாந்துக்கரண்டியைத் தொட முடியாது. சின்னவளுக்கு இரண்டு குழந்தைகள். அதைவிட, அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் ஒரே தெருவில் எதிர்ப்பட்டால் ஒருத்தி திரும்பி நடப்பாள்.

"நாலு மணி வரைக்கும் இதை மடிச்சு வைங்க. அதுக்குள்ள நான் பார்க்கிறேன்."

"நீங்க அவன் பக்கம் பேசுவீங்க."

"நான் எவன் பக்கமும் இல்ல மாப்பிள்ளை. அதுதான் ஊருக்கே தெரியுமே. பெரியவளைக் கூப்பிட்டு இந்தப் புகாரைப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க."

பெரியவள் வந்து புகாரை வாங்கி வாசித்தாள். "நோட்டில் நான் திங்கட்கிழமை எழுதிவைத்திருந்த விவரம்: ஒன்று, மூலை வீடு, பல் டாக்டர், பழைய வீட்டின் மேல் புது மாடி, ஆயிரத்து நூற்று எண்பது சதுர அடி, குளியலறை மூன்று. இரண்டு, அச்சகத்துக்கு அடுத்த வீடு..."

"நோட்டுதான் போச்சே, இதெல்லாம் எப்படி எழுதினீங்க?"

"என் கையால எழுதினது மாமா. மனசுல நிக்காதா?"

ரசமட்டம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிராயர் பக்கம் குனிந்தார். விளிம்பிலிருந்த தடத்தை விரலால் தடவினார். டிராயரை உள்ளே தள்ளினார், வெளியே இழுத்தார். பிறகு முட்டி போட்டு, மேஜைப் பலகையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். கை நிறைய நூலாம்படையோடு எழுந்தார்.

"சாவி எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு உங்க மக சாவிக்கொத்துல."

காலை 9.30. சமையலறை.

"அப்பா, என்னையே சந்தேகப்படுறீங்களா?"

"உங்கம்மாவையே சந்தேகப்பட்டவன்மா நான். சாவி எங்க இருந்துச்சு?"

"இடுப்புல. குளிக்கும்போது கூட ஆணியில மாட்டிட்டுத்தான் குளிப்பேன்."

"தங்கச்சி இந்த வாரம் இங்க வந்தாளா?"

"அவ எதுக்கு வர்றா? போன்தான். புதன்கிழமை சாயங்காலம் போன் பண்ணி, 'அக்கா, இன்னிக்கு மூணு வீட்டுல பேசினார்க்கா, மூலை வீட்டு டாக்டரம்மா உடனே சரின்னுட்டாங்கக்கா'ன்னு ஒரே நீட்டல். நான் கேட்டேனா? எந்தெந்த வீடுன்னு தெரு முதக்கொண்டு சொன்னா. எனக்குக் காது எரிஞ்சுது."

"அதை மாப்பிள்ளைகிட்டச் சொன்னியா?"

"பின்ன? அவரும் கேட்கட்டும்னு சொன்னேன். ராத்திரி சாப்பிடவே இல்ல அவர்."

"தங்கச்சியோட ரெண்டு பிள்ளைங்க முகத்தைப் பார்த்து, பாவம்னு நீயே சாவியைக் கொடுத்திருந்தா இப்பச் சொல்லிடு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பெரியவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "நானா? அவளுக்கா? அவ வாசப்படிக்குப் போட்டிருக்கிற கிரானைட்டைப் பார்த்ததிலிருந்து எனக்கு இந்த வாசல் வழியா வரவே பிடிக்கல. டைல்ஸ்காரர் பொண்டாட்டிங்கிற பேரு, காலுக்குக் கீழ உடைஞ்ச டைல்ஸ்! அவளுக்கு நான் வேலை பிடிச்சுக் கொடுப்பேனா?"

பெற்ற மகள் என்றாலும் ரசமட்டம் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். கண்ணீரை நடிக்கலாம். இந்த எரிச்சலை நடிக்க முடியாது. வேறு வழியில்லாமல் அவளை நம்பினார், அதுவும் முக்கால்வாசி.

காலை 10.25.

சின்ன மாப்பிள்ளை ஒரு வீட்டில் தரையில் குந்தி உட்கார்ந்து டைல்ஸைத் தட்டிக்கொண்டிருந்தார். வாசலில் வண்டி பளபளவென்று நின்றது. உள்ளே போகிற வழியிலேயே ரசமட்டம் புதுத் தரையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. அதில் அவருக்கு லேசான ஏமாற்றம்.

"வாங்க மாமா. திடீர்னு?"

"உங்க சகலை நோட்டு காணோம். நீங்க எடுத்தீங்கன்னு சொல்றாரு."

சின்ன மாப்பிள்ளையின் கையிலிருந்த ரப்பர் சுத்தி நின்றது. "நானா? எதுக்கு?"

"மூலை வீட்டு அட்ரஸ் எங்க கிடைச்சுது?"

"பதிவேட்டுல. திங்கட்கிழமை பத்து மணிக்கு நானே போய் எழுதினேன்."

"பதிவேடு பார்க்க யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "அண்ணன்தான். சொல்லிக் கொடுக்கல. அவர்கிட்ட வேலை பார்த்தப்ப ஒரு தடவை கூடப் போனேன், அவர் எழுதுறதைப் பார்த்தேன். பார்த்தது தப்பா மாமா? அரசாங்கம் எல்லாருக்கும்னு வச்சிருக்கிற பதிவேடு. அவர் சொத்தா அது? ரெண்டு மாசமாத்தான் போறேன்."

"அவரை அங்க பார்த்தீங்களா?"

"ஒரு திங்கட்கிழமை கூடப் பார்க்கல. எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு."

"மூலை வீட்டுல என்ன வேலை?"

"மேல் மாடி. ஆயிரத்து நூத்தி இருபது சதுர அடி, ரெண்டு பாத்ரூம்."

"ரெண்டா மூணா?"

"ரெண்டு மாமா. விலையே ரெண்டுக்குத்தான் எழுதிக் கொடுத்திருக்கேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். பழுப்பு அட்டை.

"உங்க சகலை நோட்டும் பழுப்பு அட்டைதான்."

"ஊர்ல இருக்கிற நோட்டெல்லாம் பழுப்பு அட்டைதான் மாமா. சரி, அவருக்கு என் மேல இவ்வளவு வயித்தெரிச்சலா?" கேட்கும்போது அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. பயந்தவன் சிரிப்பு இல்லை அது. சகலைக்கு எரிகிறது என்று தெரிந்ததில் வந்த குளிர்ச்சி. ரசமட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. ஒரே வீட்டுக்கு ஒருவர் மூன்று என்கிறார், ஒருவர் இரண்டு என்கிறார். இரண்டில் ஒரு வாய் பொய் சொல்கிறது. சிரிக்கிற வாயாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

காலை 11.40.

மூலை வீட்டின் கீழ்த்தளத்திலேயே பல் டாக்டரின் கிளினிக். டாக்டரம்மா அவரை நோயாளி என்று நினைத்து நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லிவிட்டார். அவர் வாயைத் திறந்து, கேள்வி கேட்டார்.

"உங்க மாடிக்கு டைல்ஸ் பேச யாரெல்லாம் வந்தாங்க?"

"ஒருத்தர்தான். புதன்கிழமை. கூலிங்கிளாஸ். நீங்க யாரு?"

"அவரோட மாமனார். எத்தனை பாத்ரூம்னு பேசினீங்க?"

"ரெண்டு. நல்லா அளந்து பார்த்தார், பிடிச்சிருந்துது." டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "உண்மையில மூணு. எங்கம்மாவுக்குத் தனியா ஒரு பாத்ரூம் வச்சு வரைபடம் போட்டோம். அது எங்க மாமியார் காதுக்குப் போச்சு. 'உங்கம்மாவுக்கு மட்டும்தான் வயசாகுமா'ன்னு கேட்டுட்டு ரெண்டு நாள் பேசல. அப்புறம் அவங்களுக்கும் ஒண்ணு சேர்த்து, திருத்தின வரைபடம் கொடுத்தோம்."

"அதை டைல்ஸ்காரர்கிட்டச் சொன்னீங்களா?"

"யார்கிட்டயும் மூச்சு விடல. ஒப்புதல் வராம வெளியே சொல்லி, அப்புறம் கிடைக்கலைன்னா மாமியார்கிட்ட யார் மாட்டிக்கிறது? நேத்துக் காலையிலதான் ஒப்புதல் ஆச்சுன்னு வரைபடம் போட்டவர் போன் பண்ணினார். டைல்ஸ்காரருக்கு இனிமேதான் சொல்லணும். பெரியவரே, உங்க பின்பல்லு ஒண்ணு ஆடுது."

"ஆடட்டும். அதுவா விழுற வரைக்கும் அதுக்கு உரிமை இருக்கு."

வெளியே வந்து நடைபாதையில் நின்றார். பின்பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டே யோசித்தார். நடந்து போய்க்கொண்டிருந்தவர், ஒரு இடத்தில் சட்டென்று நின்று, கட்டிட அனுமதி ஆபீஸ் பக்கம் திரும்பினார்.

பகல் 12.30.

பதிவேட்டுக்குப் பொறுப்பான அம்மாள் மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். சாப்பாட்டு நேரம் நெருங்கியதால் முகம் சுருங்கியிருந்தது.

"அம்மா, என் பெரிய மாப்பிள்ளை இந்த வாரம் இங்க வந்தாரா?"

"யார் வந்தாங்க, யார் போனாங்கன்னு சொல்றது என் வேலை இல்லீங்க. பதிவேடு பார்க்கணுமா, பாருங்க."

"எனக்குப் படிக்க வராது. மூலை வீட்டுப் பக்கத்தை நீங்களே காட்டுங்க."

அந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினார். மூலை வீட்டு வரிமேல் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் விவரம் எழுதியிருந்தது. ரசமட்டம் எண்களை மட்டும் எழுத்துக் கூட்டாமலே படித்தார். ஆயிரத்து நூற்று எண்பது. குளியலறை மூன்று.

"இது என்ன மஞ்சளா?"

"திருத்தம் வந்தா பழைய வரியை அடிக்கமாட்டோம். மேல சீட்டு ஒட்டுவோம். தூக்கிப் பார்த்தா பழைய வரி இருக்கும்." தூக்கிக் காட்டினார். ஆயிரத்து நூற்று இருபது. குளியலறை இரண்டு. சீட்டுக்கு அடியில் சிவப்பு முத்திரை ஒன்று தேதியோடு இருந்தது.

"இதை எப்ப ஒட்டினீங்க?"

"நேத்து, வியாழக்கிழமை, காலையில பத்து மணி. எப்பவும் திங்கட்கிழமை புதுப் பக்கத்தோட சேர்த்துத்தான் ஒட்டுவேன். பத்து வருஷமா அப்படித்தான். இந்த வாரம் இன்ஜினியர் லீவுல போயிட்டாரு. புதன்கிழமை சாயங்காலம்தான் வந்து கையெழுத்துப் போட்டாரு."

ரசமட்டம் சீட்டை மெல்ல இறக்கிவிட்டார். அந்த அம்மாளுக்கு நன்றி சொன்னார். அவர் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை, அதனால் அது ஏதோ குறை சொல்வது போல இருந்தது.

பிற்பகல் 3.05.

பெரிய மாப்பிள்ளை சலவைச் சட்டை போட்டு, புகாரைப் பையில் வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ரசமட்டம் சொல்லியனுப்பியிருந்ததால் சின்னவளும் சின்ன மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். அக்கா தங்கை இருவரும் அறையின் இரண்டு மூலையில் நின்றார்கள். யாரும் உட்காரவில்லை. ரசமட்டம் மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"செருப்பைக் கழட்டுங்க மாப்பிள்ளை. முதல்ல டிராயர்." அவர் டிராயரை உள்ளே தள்ளி மூடினார். "பூட்டின டிராயரை உளி வச்சு நெம்பணும்னா உளியோட ஒரு பக்கம் டிராயரை அழுத்தும், மறுபக்கம் மேல இருக்கிற பலகையை அழுத்தும். ரெண்டு பக்கமும் தடம் விழும். இங்க டிராயர்ல மூணு தடம். பலகையில ஒரு கீறல் இல்ல. காலையில நான் தடவுற வரைக்கும் நூலாம்படை கூடக் கலையல. டிராயரைச் சாவி போட்டுத் திறந்து, வெளியே இழுத்து வச்சு, அப்புறம் உளியால கொத்தியிருக்காங்க. சாவி ரெண்டு பேர்கிட்டத்தான் இருக்கு."

எல்லார் பார்வையும் பெரியவள் மேல் போனது.

"நானும் அவளைத்தான் பார்த்தேன்," என்றார் ரசமட்டம். "ஆனா அவளுக்குத் தங்கச்சி மேல இருக்கிற பிரியம் எனக்குத் தெரியும். சாவி கொடுக்கிற பிரியம் இல்ல அது."

"அப்பா!" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையில்தான்.

"மாப்பிள்ளை, மூலை வீட்டுல எத்தனை பாத்ரூம்?"

"மூணு. அதான் புகார்லயே இருக்கே," என்றார் பெரிய மாப்பிள்ளை.

சின்ன மாப்பிள்ளை முகம் சுருங்கியது. "மூணா? ரெண்டுதானே?"

"உங்களுக்கு ரெண்டு. திங்கட்கிழமை பார்த்தவருக்கு ரெண்டு. புதன்கிழமை பார்த்தாலும் ரெண்டுதான். டாக்டரம்மா அவங்க மாமியாருக்குப் பயந்து மூணாவதை யார்கிட்டயும் சொல்லல. பதிவேட்டுல அந்த மஞ்சள் சீட்டு ஏறினது நேத்து, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு." ரசமட்டம் பெரிய மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "திங்கட்கிழமை எழுதி, புதன்கிழமைக்கு முந்தியே திருடு போயிருக்கணும்கிற நோட்டுல, வியாழக்கிழமை ஒட்டின சீட்டு எப்படி ஏறுச்சு?"

"யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன்..."

"சதுர அடியையுமா? ஆயிரத்து நூத்தி எண்பதுன்னு யார் வந்து காதுல சொன்னா?"

பெரிய மாப்பிள்ளை பையிலிருந்த புகாரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.  பெரியவள் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழமை சாயங்காலம் உங்க வீட்டம்மா மூணு வீட்டையும் சொன்னாங்க. நேத்து நீங்க பதிவேட்டு ஆபீஸுக்குப் போனீங்க. புகார் உறுதியா நிக்கணுமேன்னு அந்த மூணு வீட்டு விவரத்தையும் எழுதிட்டு வந்தீங்க. மஞ்சள் சீட்டு இருந்துச்சு. இத்தனை வருஷமா அது திங்கட்கிழமைதான் ஒட்டுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும், அதனால தூக்கி அடியில முத்திரைத் தேதியைப் பார்க்கல. புதுசா வந்தவன் தூக்கிப் பார்த்திருப்பான். பழகினவர் நீங்க, அதனாலதான் ஏமாந்தீங்க. நோட்டை எடுங்க."

பெரிய மாப்பிள்ளையின் கண் வாசலில் நின்ற தன் ஸ்கூட்டர் பக்கம் போய் வந்தது. பெரியவள்தான் வாசலுக்குப் போய், ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி, பழுப்பு அட்டை நோட்டை எடுத்துவந்தாள். கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். முந்தின பக்கத்தையும் ஒரு முறை புரட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு மாசத்துக்கு முந்தின தேதிப்பா. அதுக்கப்புறம் ஒண்ணுமே எழுதல."

"நீங்க திங்கட்கிழமைதோறும் பதிவேடு பார்க்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனதெல்லாம் எங்க?" என்று அவள் கணவனைக் கேட்டாள்.

பெரிய மாப்பிள்ளை மேஜையைப் பார்த்தபடியே பேசினார். "ரெண்டு மாசம் முன்னாடி ஒரு திங்கட்கிழமை போனேன். நான் எட்டு வருஷமா உட்கார்ற பெஞ்சு. என் இடத்துல இவன் உட்கார்ந்திருக்கான். இவன் பேனாவுல மை தீர்ந்துடுச்சுபோல. அந்தம்மா தன் பேனாவை எடுத்து இவன்கிட்டக் கொடுக்கிறாங்க. சிரிச்சுக்கிட்டே. எட்டு வருஷத்துல என்கிட்ட அந்தம்மா சிரிச்சதில்ல மாமா. ஒரு பேனா கொடுத்ததில்ல. வாசலோட திரும்பிட்டேன். அதுக்கப்புறம் நேத்து வரைக்கும் அந்தத் தெரு பக்கமே கால் போகல. வேலை குறைஞ்சுது. இவன் வாசல்ல வண்டி நிக்குது. இவன் பொண்டாட்டி போன் பண்ணி ஒவ்வொண்ணாச் சொல்றா. எனக்கு இவன் வேலை வேணாம். இவன் அந்தப் பெஞ்சுல உட்காரக் கூடாது. அவ்வளவுதான்."

அறையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு பேனாவுக்காக ஒருவன் சகலையின் ஒரு வருடச் சோற்றில் கை வைக்கப் பார்த்தான் என்பது கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் கண் எதிரே அந்த மனிதர் கழுத்துச் சிவந்து நின்றபோது அது சின்னதாகத் தெரியவில்லை.

பெரிய மாப்பிள்ளை பையிலிருந்து புகாரை எடுத்தார். இரண்டாகக் கிழித்தார். பிறகு நாலாக. மணி மூன்று நாற்பது.

சின்ன மாப்பிள்ளை வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, விடுங்க. என் மேலயும் தப்பிருக்கு. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கணும். மூலை வீட்டைச் சேர்ந்தே செய்வோம். இனிமே பதிவேட்டுக்கும் சேர்ந்தே போவோம். ரெண்டு பேரும் ஒரே கம்பெனியா வச்சுக்கலாம்."

"நிஜமாவா சொல்றே?"

"சத்தியமாண்ணே."

சின்னவள் அழுதுகொண்டே வந்து அக்கா தோளில் சாய்ந்தாள். அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். தட்டியது கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது. "டீ போடுறேன், எல்லாரும் இருங்க," என்றாள்.

ரசமட்டம் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"கம்பெனிக்கு ஒரு போர்டு எழுதணும்," என்றார் பெரிய மாப்பிள்ளை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு பேர் பேரும் போட்டு."

"ஆமாண்ணே."

"வயசுல பெரியவர் பேருதானே முதல்ல வரும்," என்று சமையலறையிலிருந்து பெரியவளின் குரல் வந்தது.

"அதெப்படிக்கா? வேலையைப் பிடிச்சவர் பேருதானே முதல்ல வரணும்?" என்றாள் சின்னவள். சாய்ந்திருந்த தலை நிமிர்ந்துவிட்டது.

சகலைகள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிடித்திருந்த கை இன்னும் விடவில்லை. ஆனால் இரண்டு பேருமே சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

"மாமா, எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார் சின்ன மாப்பிள்ளை. "இருங்க, வண்டியில கொண்டுபோய் விடுறேன்."

"நான் விடுறேன்," என்றார் பெரிய மாப்பிள்ளை, அதே மூச்சில்.

"எனக்குக் கால் இருக்கு."

"அதான் எல்லாம் தீர்ந்துபோச்சுல்ல மாமா? ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கீங்க?"

"திங்கட்கிழமை உங்க பதிவு தடையில்லாமப் புதுப்பிச்சுடுவாங்க. அது மட்டும் தீர்ந்துச்சு," என்றார் ரசமட்டம். "மத்ததைப் பத்தி என்னைக் கேட்காதீங்க."

வாசலில் பளபளத்த வண்டியைச் சுற்றிக்கொண்டு, தெருவில் இறங்கினார். முதுகுக்குப் பின்னால் நாலு பேரும் வாசலில் வந்து நின்று கையசைத்தார்கள். "இனிமே சண்டையே கிடையாதுப்பா!" என்று மகள்களில் ஒருத்தி கத்தினாள். எவள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. பின்பல்லை நாக்கால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு, நடந்துகொண்டே இருந்தார்.